ஓராண்டுத் தலைமையும் பல்லாண்டுத் தேவையும்: சேவைச் சங்கங்களும் நலிந்தோர் இல்லங்களும்

நம் வட்டத் தலைநகர்களின் எல்லையில் வழிப்போக்கரை வரவேற்கும் பலகைகளில் ஒரு பற்சக்கரத்தையோ சிங்க முகத்தையோ காண்கிறோம். முன்னது ரோட்டரி சங்கத்தின் சின்னம்; பின்னது அரிமா சங்கத்தின் சின்னம். வணிகர், மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் ஆகியோர் இவற்றில் உறுப்பினராய் இருக்கின்றனர். நம் சபையார் பலரும் இவற்றில் உள்ளனர். ஊரிலுள்ள முதியோர் இல்லத்திற்கு அரிசியும், பார்வையற்றோர் பள்ளிக்கு ஆடையும், மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்றுசக்கர வண்டியும் இச்சங்கங்களின் வழியாகச் சென்று சேர்கின்றன. இவ்வுதவியைச் சிலர் விளம்பரம் என ஒதுக்குகின்றனர். வேறு சிலரோ, திருச்சபை செய்யத் தவறியதை இவை செய்கின்றன எனப் புகழ்கின்றனர். இவ்விரு கூற்றும் ஆராயாது கூறப்படுபவை. நலிந்தோரைப் பராமரிக்கும் ஓர் இல்லத்திற்குச் சேவைச் சங்கம் எதைச் செய்ய இயலும், எதைச் செய்ய இயலாது என்பதைக் கள்ளக்குறிச்சியையும் கல்வராயன் மலையையும் முன்னிட்டு இங்கு விளக்க முற்படுகிறோம்.

1. சங்கங்களின் தோற்றமும் அமைப்பும்

1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர், நிலக்கரி வணிகர் ஒருவர், சுரங்கப் பொறியாளர் ஒருவர், தையற்கலைஞர் ஒருவர் ஆகிய மூவருடன் கூடினார். பெருநகரின் தனிமையில் நட்புறவை நாடுவதே அன்று அவர்களது நோக்கம். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துச் சுழற்சியாகக் கூடியதால் ரோட்டரி என்னும் பெயர் வந்தது. நட்புக்கென எழுந்த அமைப்பு சில ஆண்டுகளிலேயே ஊர்ப்பணிக்குத் திரும்பியது. அதே நகரில் 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் என்னும் காப்பீட்டு முகவரின் முயற்சியால் அரிமா சங்கம் தோன்றியது. 1925-இல் அதன் மாநாட்டில் உரையாற்றிய ஹெலன் கெல்லர் அம்மையார் பார்வையற்றோரின் காவலராய் இருக்குமாறு உறுப்பினரை வேண்டினார். அன்று முதல் கண்ணொளிப் பணி அச்சங்கத்தின் தலையாய பணியாயிற்று. ரோட்டரி சங்கமோ 1985-இல் இளம்பிள்ளைவாத ஒழிப்பை மேற்கொண்டது. இந்தியாவில் அந்நோயால் பாதிக்கப்பட்ட கடைசிப் பிள்ளை 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு அந்நோயினின்று விடுபட்டதாகச் சான்று பெற்றது. அரசும் உலக நிறுவனங்களும் எண்ணற்ற சுகாதாரப் பணியாளரும் சேர்ந்து பெற்ற வெற்றி அது. எனினும் அதில் இச்சங்கத்தின் பங்கு சிறிதன்று.

இச்சங்கங்களின் அமைப்பில் ஒரு கூறு நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. ஒவ்வொரு சங்கத்திற்கும் தலைவர் ஓராண்டுக்கே பொறுப்பேற்கிறார். ஜூலை முதல் நாள் தொடங்கும் அவ்வாண்டு அடுத்த ஜூன் 30-இல் முடிவடைகிறது. இதனால் பதவி ஒருவர் கையில் தேங்குவதில்லை. பலர் தலைமைப் பயிற்சி பெறுகின்றனர். ஆயினும் ஒவ்வொரு தலைவரும் தம் ஆண்டுக்குள் முடித்துக் காட்டத்தக்க பணிகளையே நாடுவது இயல்பாகிவிடுகிறது. இவ்வமைப்பின் பலமும் குறையும் ஒரே இடத்தில் உள்ளன.

2. மலையும் ஊரும்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. மேற்கே எழும் கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அங்கே வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரொற்றுமை நோக்கி அவர்களைக் கேரள நாட்டாராகக் கருதலாகாது. சாமை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியவை அவர்களது வேளாண்மை. நெடுங்காலம் சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையிலிருந்த இம்மலை 1976-இல்தான் அரசின் நேரடிப் பொறுப்பில் வந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின், 1996-இலேயே இம்மக்கள் வாக்குரிமை பெற்றனர். சாலை, பள்ளி, மருத்துவம் ஆகியவை இங்கே பிந்தி வந்ததன் காரணம் இவ்வரலாற்றில் விளங்கும். பிழைப்புத் தேடி இம்மலையினின்று ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டச் சென்று சிறைப்பட்டோரும் உளர். மறைவிடங்களில் சாராயம் காய்ச்சும் தொழிலில் சிக்கியோரும் உளர்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தியோர் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். தாய் தந்தை இருவரையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் இருந்தனர். இறந்தோர் குடும்பத்திற்கு ரூ. 10 லட்சமும், இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது நிறையும்வரை மாதம் ரூ. 5,000-மும், அவர்கள் பெயரில் ரூ. 5 லட்சம் வைப்பும் அரசு அறிவித்தது. அதே ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

3. இருவகைத் தேவை

மெத்தனால் ஈரலில் மாற்றமடைந்து ஃபார்மிக் அமிலமாகிறது. அவ்வமிலம் கண்ணரம்பைத் தாக்குகிறது. எனவே உயிர் தப்பியோரிலும் சிலர் பார்வை இழப்பது உண்டு. கண்புரையால் வரும் குருடு வேறு, இக்குருடு வேறு. புரையை ஒரே அறுவையில் நீக்கலாம். அழிந்த நரம்பை மீட்கும் அறுவை இல்லை. முன்னதற்கு ஒருநாள் உதவி போதும்; பின்னதற்கு வாழ்நாள் துணை வேண்டும். நலிந்தோர்க்கான உதவி அனைத்தையும் இவ்விரு வகையுள் அடக்கலாம்.

முதல் வகையில் சேவைச் சங்கங்கள் எவ்வளவு சிறந்து விளங்க இயலும் என்பதற்குக் கண் சிகிச்சை முகாமே சான்று. அரசுப் பணியினின்று ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2003-இல் அதன் புதுச்சேரிக் கிளை திறக்கப்பட்டபின் வடதமிழ்நாட்டு மக்களுக்கும் அது அணுக்கமாயிற்று. அதன் முகாம்களில் வேலைப் பங்கீடு தெளிவானது. ரோட்டரி, அரிமா முதலிய சங்கங்களோ, கோயிலோ, ஆலயமோ, தொழிற்சாலையோ முகாமை ஏற்பாடு செய்யும். இடம் பார்ப்பது, துண்டறிக்கை அச்சிடுவது, ஒலிபெருக்கியில் அறிவிப்பது, தொண்டரைத் திரட்டுவது ஆகியவை அவர்கள் பொறுப்பு. கண்ணைச் சோதிப்பதும், புரையுள்ளோரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று அறுவை செய்து திரும்ப அனுப்புவதும் மருத்துவமனையின் பொறுப்பு. சங்கத்தார் மருத்துவராக முயல்வதில்லை. மருத்துவரும் ஊராரின் நம்பிக்கையைத் தாமே தேடியலைய வேண்டுவதில்லை. ஊருக்கு அறிமுகமான முகம் அழைப்பதால் கிழவியர் அஞ்சாது வருகின்றனர்.

இரண்டாம் வகையிலோ நிலை வேறு. 2024-இல் ஆறு வயதில் பெற்றோரை இழந்த பிள்ளை 2036-இலேயே 18 வயதை எட்டும். அதற்குள் ஒரு சங்கத்தில் பன்னிரண்டு தலைவர்கள் மாறியிருப்பர். முதல் தலைவர் பிள்ளைக்குப் புத்தாடை வழங்கிப் படம் எடுத்துக்கொள்வார். ஐந்தாம் தலைவருக்கு அப்பிள்ளையின் பெயர் தெரியுமா? அரசின் தொகை வங்கிக்கு வந்துவிடலாம். ஆனால் பள்ளிக்கு வராத நாளில் ஏன் வரவில்லை என்று வினவவும், பத்தாம் வகுப்பில் தவறினால் மீண்டும் எழுதவைக்கவும், வைப்புத் தொகையைப் பிறர் கவராதபடி காக்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைப் பணத்தால் மட்டும் அமைத்துவிட இயலாது.

4. காணாமற் கொடுப்பதன் கேடு

நலிந்தோர் இல்லம் ஒன்று உள்ளது என்று கேட்டவுடன் கொடுப்பது நம் மக்களின் நற்பண்பு. எனினும் உள்ளே நடப்பதைக் காணாமற் கொடுப்பது கேடாய் முடிந்ததுண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் இல்லம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி மாண்டனர்; இறந்தோர் 28 பேர். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் முறையான உரிமமின்றி நடந்த இல்லம் ஒன்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அங்கிருந்தோர் துன்புறுத்தப்பட்டனர் என்றும், சிலரைக் காணவில்லை என்றும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. இவ்விடம் நம் பகுதிக்குத் தொலைவில் இல்லை.

எனவே உதவ முன்வரும் சங்கம் சில வினாக்களைக் கேட்பது அவநம்பிக்கையன்று, கடமை. பிள்ளைகளைக் காக்கும் இல்லமாயின் இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன்படி பதிவு பெற்றுள்ளதா? அங்குள்ள ஒவ்வொரு பிள்ளையும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின் பேரில் சேர்க்கப்பட்டதா? மனநோயாளர்க்கானதாயின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படியும், மாற்றுத்திறனாளிகளுக்கானதாயின் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் பதிவு உண்டா? ஆண்டுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுள்ளதா? முன்னறிவிப்பின்றி வந்து பார்க்க இல்லத்தார் இசைவரா? அங்கே வாழ்வோர் தம் உறவினருடன் தனியே பேச இயலுமா? நேர்மையான இல்லம் இவ்வினாக்களால் வருந்தாது, மகிழும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே சட்டம் கருதுகிறது. பாட்டியோ சித்தப்பாவோ வளர்க்க இசைந்தால், உதவி அக்குடும்பத்திற்கே செல்லவேண்டும். மலைக்கிராமப் பிள்ளையைக் கீழே நகரத்து இல்லத்திற்கு அழைத்து வருவது சில வேளைகளில் அதன் மொழிவழக்கையும் சுற்றத்தையும் நிலவுரிமையையும் இழக்கச் செய்துவிடும்.

5. கொடுக்கும் முறை

பிறந்தநாள், திருமணநாள் ஆகியவற்றை முன்னிட்டு ஒருவேளை உணவளிக்கும் வழக்கம் எங்கும் உண்டு. இதனால் பண்டிகை நாளில் ஒரே இல்லத்திற்கு மூன்று விருந்துகள் வருவதும், சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் பருப்புக்கும் தட்டுப்பாடு நேர்வதும் உண்டு. இல்லங்களுக்கு உண்மையில் கடினமானவை யாவருக்கும் தெரியாத செலவுகள்: இரவுக் காவலரின் ஊதியம், செவிலியின் ஊதியம், மின்கட்டணம், வலிப்பு மாத்திரை, கழிவறைச் சீரமைப்பு. இவற்றைப் படமெடுத்து வெளியிட இயலாது. ஆகவே இவற்றுக்குக் கொடுப்போர் குறைவு.

சங்கங்களுக்கு நாம் முன்வைக்கும் யோசனைகள் மூன்று. முதலாவது, இல்லத்தாரிடம் தேவையைக் கேட்டறிந்தபின் கொடுத்தல். இரண்டாவது, ஓராண்டுத் தலைவரின் விருப்பத்திற்கு விடாமல், குறைந்தது ஐந்தாண்டுக்கான எழுத்துமூலத் தீர்மானம் நிறைவேற்றி, அதைப் பேணச் சிறு நிலைக்குழு அமைத்தல். மூன்றாவது, உதவி பெறுவோரின் முகத்தை விளம்பரப் பொருளாக்காதிருத்தல். கருணாபுரத்துப் பிள்ளை வளர்ந்து வேலை தேடும் நாளில், அதன் துயரநாட் படம் அதற்கு முன் நடந்து செல்லலாகாது.

6. திருச்சபையார் கவனத்திற்கு

நல்ல சமாரியனைக் குறித்த உவமையில் நாம் சாதாரணமாய் மறந்துவிடும் ஒருவன் சத்திரக்காரன். காயம் கட்டியவன் தன் வழியே செல்ல வேண்டியிருந்தது. காயப்பட்டவனை இரவும் பகலும் பார்த்துக்கொண்டவன் சத்திரக்காரனே. ஆனால் சமாரியன் இரண்டு பணத்தைக் கொடுத்ததோடு தன் கடமை தீர்ந்ததென எண்ணவில்லை. திரும்பி வருவதாகவும், மேற்கொண்டு செலவானதைத் தீர்ப்பதாகவும் பொறுப்பேற்றான். கொடுப்பவனும் பராமரிப்பவனும் இவ்வாறு உடன்பட்டபோதே அக்காயம் ஆறியது. பவுல் அப்போஸ்தலனும் எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பெருந்தொகையைத் தனியே சுமந்து செல்ல விரும்பவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனைத் தீத்துவுடன் அனுப்பிப் பழிக்கு இடமின்றிச் செய்தார் என்பதை 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கணக்குக் கேட்பதும் கொடுப்பதும் அன்புக்குப் புறம்பானவையல்ல.

சேவைச் சங்கத்தில் உள்ள நம் சபையார் அங்கே போட்டியாளராகவோ விருந்தினராகவோ அல்ல, நினைவூட்டுவோராக இருத்தல் நலம். சங்கத்திற்குப் பணமும் தொடர்பும் விரைவும் உண்டு. சபைக்கோ வாரந்தோறும் கூடும் வழக்கமும், பிள்ளையைப் பெயர்சொல்லி அழைக்கும் நெருக்கமும், தலைமுறை தாண்டிய நினைவும் உண்டு. பிள்ளை எச்சமயத்தைச் சேர்ந்ததாயினும் இந்நினைவு அதற்கு உரியதே. உதவியை மதமாற்றத்தின் விலையாக்குவது அவ்வுதவியையே கெடுக்கும். சங்கம் ஆண்டுதோறும் தலைவரை மாற்றட்டும். மாறும் தலைவர் ஒவ்வொருவரிடமும் ஜூலை முதல் வாரத்தில் சென்று, "இன்ன பிள்ளை இவ்வாண்டு ஏழாம் வகுப்பு, இன்ன முதியவருக்கு மாத்திரை தீர்ந்தது" என்று எடுத்துரைக்க ஒருவர் இருப்பாராயின், ஓராண்டுத் தலைமை பல்லாண்டுத் தேவையைத் தாங்கும் வல்லமை பெறும். அவ்வொருவரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை நம் சபைச் சங்கங்கள் இவ்வாண்டே மேற்கொள்ளுமாக.