தாகத்தில் பூக்கும் காகிதப்பூ

பினாங்கில் காகிதப்பூ நன்றாகப் பூப்பது ஜனவரியிலும் பிப்ரவரியிலும். சீனப் புத்தாண்டும், தண்ணீர்மலைக்குக் காவடிகள் ஏறும் தைப்பூசமும் பெரும்பாலும் இந்த இரண்டு மாதங்களில்தான் வருகின்றன. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறிமாறி வரும் தீவில் வசந்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. மழை குறையும் இந்த நாட்களே அதற்கு ஈடு.

இச்செடியின் தாயகம் தென் அமெரிக்கா. பிரெஞ்சுக் கடலோடி போகன்வில்லின் உலகப் பயணத்தில் உடன் சென்ற தாவரவியலாளர் கொமெர்சன், 1767இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இதைச் சேகரித்தார். தலைவரின் பெயரே செடிக்கும் ஆனது. சிவப்பும் ஊதாவும் ஆரஞ்சுமாகக் கண்ணைப் பறிப்பவை உண்மையில் பூக்கள் அல்ல, நிறமேறிய இலைகள். மூன்று மூன்றாகச் சேர்ந்த அவற்றின் நடுவே வெளிர்நிறக் குழல் போல நிற்பதே பூ. நிற இலைகள் எளிதில் வாடாததால் ஒரு முறை பூத்தால் வாரக்கணக்கில் நிற்கும்.

நீண்ட இரவுகள் பூப்பைத் தூண்டும் என்பது குளிர்நாடுகளில் தெளிவாகத் தெரியும். பினாங்கில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் 40 நிமிடந்தான் வித்தியாசம். ஆகவே இங்கே செடியை உசுப்புவது முக்கியமாக வறட்சி. தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் தழைத்துக்கொண்டே போகும், பூக்காது. தினமும் இருவேளை நீரூற்றிவிட்டு ஏன் பூக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு அந்த அன்புதான் பதில்.

வளர்ப்பது கடினமல்ல. பென்சில் பருமனுள்ள முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றினால் ஓரிரு மாதங்களில் வேர்விடும். வேர்கள் மெல்லியவை, மாற்றி நடும்போது மண்கட்டி உடையக்கூடாது. பெரிய தொட்டியும் வேண்டாம், வேர்கள் சற்று நெருக்கமாக இருந்தால் நன்றாகவே பூக்கும். நாளுக்கு ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் அவசியம். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் ஐந்தடி நடைபாதை நிழலானது. மொட்டைமாடியும் மேல்மாடி விளிம்பும்தான் சரியான இடம். உப்புக்காற்று இதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

தொட்டிச் செடிக்கு இலைகள் லேசாகத் துவளும்வரை நீரை நிறுத்தி, பிறகு ஒரு முறை நனைய ஊற்றி, மீண்டும் காயவிட வேண்டும். இப்படிச் சில வாரம் செய்தால் மொட்டு தெரியும். அதன்பின் முழுதாகக் காயவிட்டால் மொட்டு உதிரும். தழைச்சத்து மிகுந்த உரம் இலையை மட்டுமே வளர்க்கும். சாம்பல்சத்து கூடியதே ஏற்றது.

செப்டம்பர், அக்டோபர் மாத அடைமழைதான் பெரிய சோதனை. அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாவுப்பூச்சியையும் இலை தின்னும் புழுவையும் கையால் அகற்றலாம், அல்லது சோப்பு நீர் தெளிக்கலாம்.

பூ புதுத்தளிரில்தான் வரும் என்பதால், ஒரு பூப்பு முடிந்ததும் கிளைகளைக் குறைத்துவிட வேண்டும். முள் கூர்மையானது. கையுறை போட்டே வெட்டுவது நல்லது. தெருப்பக்கம் நீண்டு தொங்கும் கிளைகளை நடப்பவர் முகத்தில் படாத உயரத்தில் நறுக்கிவிட வேண்டும்.