நரம்பு இடமாற்ற அறுவைச் சிகிச்சை

நரம்பு இடமாற்ற அறுவைச் சிகிச்சை என்பது, செயலிழந்த ஒரு தசைக்கு மீண்டும் இயக்கம் தரும்பொருட்டு, நலமாக இயங்கும் வேறொரு நரம்பின் கிளையை வெட்டி, அத்தசைக்குச் செல்லும் நரம்புடன் இணைக்கும் அறுவைச் சிகிச்சை ஆகும். இதில் மற்றொருவரின் நரம்பு பொருத்தப்படுவதில்லை. நோயாளியின் சொந்த நரம்பே வழி மாற்றப்படுகிறது. கை நரம்புப் பின்னல் காயங்களுக்கு நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வரும் இம்முறை, கழுத்துப் பகுதியில் தண்டுவடம் சேதமுற்றுக் கைகால்கள் செயலிழந்தோருக்கும் இன்று பயன்படுகிறது. இது தண்டுவடக் காயத்தைக் குணப்படுத்துவதில்லை. காயத்தைத் தவிர்த்துச் செல்லும் மாற்றுப்பாதை ஒன்றை அமைக்கிறது.

அடிப்படை

மூளையிலிருந்து புறப்படும் இயக்கக் கட்டளை, தண்டுவடத்தில் உள்ள கீழ் இயக்க நரம்பணுவை அடைகிறது. அந்நரம்பணுவின் நீண்ட இழையே புற நரம்பு வழியாகத் தசையைச் சென்றடைகிறது. தண்டுவடம் காயமுறும்போது தசைகள் மூன்று வகையாகப் பிரிகின்றன.

1. காயத்திற்கு மேலுள்ள பகுதியிலிருந்து நரம்பு பெறும் தசைகள். இவை முன்போலவே இயங்கும்.
2. காயமடைந்த இடத்திலிருந்தே நரம்பு பெறும் தசைகள். இங்கு நரம்பணுக்களே அழிந்துவிடுவதால், புற நரம்பும் சிதைகிறது. தசை தளர்ந்து மெலிகிறது.
3. காயத்திற்குக் கீழுள்ள பகுதியிலிருந்து நரம்பு பெறும் தசைகள். இங்கு நரம்பணுவும் புற நரம்பும் உயிருடன் உள்ளன. மூளையின் கட்டளை மட்டுமே வந்து சேர்வதில்லை. இத்தசைகளில் பெரும்பாலும் இறுக்கம் காணப்படும்.

கால வரம்பு

இரண்டாம் வகைத் தசைகளுக்குக் காலம் மிக முக்கியமானது. நரம்புத் தொடர்பை இழந்த தசை, ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்களில் மீட்க இயலாதவாறு மாறிவிடுகிறது. வெட்டி இணைக்கப்பட்ட நரம்பிழையோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே வளர்கிறது. எடுத்துக்காட்டாக, இணைப்பிலிருந்து தசை 20 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால், இழை அங்குச் சென்றடையவே ஆறு மாதங்களுக்கு மேலாகும். எனவே, காயமுற்ற முதல் ஆண்டிற்குள், இயன்றவரை அதன் முற்பாதியிலேயே, அறுவைச் சிகிச்சை செய்யப்படுவது நல்லது.

மூன்றாம் வகைத் தசைகளில் புற நரம்பு சிதையாமல் இருப்பதால், சில ஆண்டுகள் கழிந்த பின்னரும் சிகிச்சை செய்ய இயலும். ஒரு தசை எவ்வகையைச் சேர்ந்தது என்பதை வெளித்தோற்றத்தால் மட்டும் உறுதிசெய்ய முடியாது. நரம்பு மின்கடத்தல் சோதனையும் தசை மின்பதிவுச் சோதனையும் இதற்கு உதவுகின்றன. தானாக மீளும் வாய்ப்பை எதிர்பார்த்துச் சில மாதங்கள் காத்திருப்பது வழக்கம். ஆனால் சோதனை எதுவும் செய்யாமல் காத்திருப்பின் வாய்ப்பே கைநழுவக்கூடும்.

செய்முறை

ஆறாம் கழுத்து நரம்பு வரை செயற்பாடு எஞ்சியுள்ள ஒருவர் முழங்கையை மடக்கவும் மணிக்கட்டை உயர்த்தவும் வல்லவர். ஆனால் முழங்கையை நீட்டவோ விரல்களை விரிக்கவோ மூடவோ இயலாது. இத்தகையோருக்குச் செய்யப்படும் முதன்மையான இடமாற்றங்கள் பின்வருமாறு:

* முழங்கையை நீட்ட: தோள்பகுதிக்குரிய அக்குள் நரம்பின் ஒரு கிளை, முத்தலைத் தசையின் நரம்புடன் இணைக்கப்படுகிறது.
* விரல்களை விரிக்க: உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் சுப்பினேட்டர் தசையின் நரம்புக் கிளைகள், பின் என்பிடை நரம்புடன் இணைக்கப்படுகின்றன.
* கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் மடக்கிப் பற்ற: பிராக்கியாலிசு தசையின் நரம்பு, முன் என்பிடை நரம்புடன் இணைக்கப்படுகிறது.

கொடை நரம்பை எடுப்பதால் பழைய செயல் கெடாதா என்ற ஐயம் எழலாம். இருதலைத் தசையும் முழங்கையை மடக்குகிறது, உள்ளங்கையையும் திருப்புகிறது. ஆகவே பிராக்கியாலிசு, சுப்பினேட்டர் ஆகியவற்றின் நரம்புகளை இழப்பதால் பெரிய குறை ஏற்படுவதில்லை.

முன்னும் பின்னும் பராமரிப்பு

புதிய நரம்பு வந்தடைந்தாலும், மூட்டுகள் இறுகியிருந்தால் விரல் அசையாது. ஆகையால் மூட்டுகளின் நெகிழ்வைக் காக்கும் பயிற்சி, விபத்து நிகழ்ந்த தொடக்க நாட்களிலிருந்தே தேவை. சக்கர நாற்காலியைக் கைகளால் உந்துவோருக்கு மணிக்கட்டிலும் முழங்கையிலும் நரம்பு நசுங்கும் வாய்ப்பு மிகுதி என்பதால், அவ்விடங்களில் தொடர் அழுத்தத்தைத் தவிர்ப்பதும் அவசியமாகும்.

அறுவைக்குப் பின் முதல் அசைவு தோன்றப் பல மாதங்கள் ஆகும். தொடக்கத்தில் விரலை மடக்க, முழங்கையை மடக்குவதாக எண்ண வேண்டியிருக்கும். பயிற்சியின் மூலம் மூளை புதிய வழியைக் கற்றுக்கொள்கிறது.

ஆய்வுகள்

2012 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழக மருத்துவர் சூசன் மெக்கினன் குழுவினர், தண்டுவடக் காயமுற்ற 71 வயது முதியவர் ஒருவருக்குப் பிராக்கியாலிசு நரம்பை இடமாற்றி, கைப்பிடி இயக்கத்தை மீட்டதை வெளியிட்டனர்.

2019 ஆம் ஆண்டில், ஆத்திரேலியாவின் மெல்பேர்ண் நகரைச் சேர்ந்த நடாசா வான் சில் குழுவினரின் ஆய்வு லான்செட் இதழில் வெளியானது. இதில் 16 பேருக்கு 59 நரம்பு இடமாற்றங்கள் செய்யப்பட்டன. சிலருக்குத் தசைநாண் இடமாற்றமும் சேர்த்துச் செய்யப்பட்டது. ஈராண்டுகளுக்குப் பின் முழங்கையை நீட்டுவதிலும், பொருட்களைப் பற்றி எடுப்பதிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. நான்கு இடமாற்றங்கள் பயனளிக்கவில்லை. தசைநாண் இடமாற்றம் வலிமையான பிடியையும், நரம்பு இடமாற்றம் கையை இயல்பாக விரிக்கும் தன்மையையும் தருவதால், இவ்விரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை எனலாம்.

முழு வலிமை திரும்புவது அரிது. ஆயினும் பிறர் துணையின்றிக் கரண்டியைப் பிடிக்கவும், கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறவும் இயலுமாயின், அது ஒருவரின் அன்றாட வாழ்வில் பெரும் மாற்றமாகும்.