கதவைத் தட்டியவள்

1940-41ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், தெற்குப் பிரான்ஸின் மலைப்பாங்கான பீடபூமியிலுள்ள லெ ஷாம்போன் என்ற சிற்றூரில், புராட்டஸ்டண்டு சபைப் போதகர் ஆந்த்ரே ட்ரொக்மேயின் இல்லத்துக் கதவை, ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூதப் பெண்ணொருத்தி, பனி படிந்த உடம்போடு நடுங்கியபடி தட்டினாள். போதகரின் மனைவி மக்தா அவளை உள்ளே அழைத்து அமர்த்தி, உண்ணக் கொடுத்துவிட்டு, அவளுக்குரிய தஸ்தாவேஜுகளைப் பெற மேயரிடம் விரைந்தார். அவரோ, ஓர் அந்நியளுக்காக ஊரையே ஆபத்தில் தள்ளுவதா என்று சினந்து, அவளை அனுப்பிவிடச் சொன்னார். மேயரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவருடைய பயம் பொய்யான பயமன்று.

எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் விலகிச் சென்றபின், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்கட்டியவன் ஒரு சமாரியன் என்று இயேசு சொன்ன உவமையை நாம் இன்று வெகு சாவதானமாகக் கேட்கிறோம். அதைக் கேட்ட யூதருக்கோ சமாரியன் என்ற பெயரே கசப்பு. 1685இல் பதினான்காம் லூயி மன்னன் தங்கள் புராட்டஸ்டண்டு மதத்தையே தடைசெய்தபோது முன்னோர் மறைந்து வாழ்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த அம்மலைவாசிகளுக்கு, அடைக்கலம் என்பது பிரசங்க விஷயமாக மட்டும் இருக்கவில்லை.

பண்ணைவீடுகளிலும் விடுதிகளிலும் அகதிகள், அவர்களுள் பல குழந்தைகள், ஒளிந்து பிழைத்தனர். 1943 பிப்ரவரியில் போதகர் கைதாகிச் சில வாரங்களில் மீண்டார். அவருடைய உறவினரும் மாணவர் விடுதிப் பொறுப்பாளருமான தானியேல் ட்ரொக்மே மீளவில்லை. தம் மாணவர்களோடு பிடிபட்ட அந்த இளைஞர் 1944இல் மைதானெக் முகாமில் மாண்டார்.