சாரல் ஊரில் வீட்டுப் பூச்சியும் வீட்டுக்குள் வரும் நஞ்சும்

செங்கோட்டையை அடுத்த புளியறைக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் தென்மேற்குச் சாரல். சுவரின் ஈரம் காய்ந்து முடிவதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. மேற்கே மலைக்காடு, கிழக்கே வயலும் தென்னந்தோப்பும். இப்படிப்பட்ட ஊரில் எலியும் கரப்பானும் கரையானும் பூரானும் வீட்டுக்குள் வருவதற்கு வீட்டுப் பெண்களின் சுத்தக்குறைவுதான் காரணம் என்று சொல்வது அநியாயம். ஒரு வீட்டிலுள்ள எலிகளை எல்லாம் கொன்றாலும், காலியான இடத்துக்கு வயலிலிருந்தும் தோப்பிலிருந்தும் வேறு எலிகள் வரும். நகரத்து அடுக்குமாடியில் மருந்தடித்துவிட்டு ஆறு மாதம் நிம்மதியாக இருக்கலாம். காட்டோரத்தில் வரவு நிற்பதே இல்லை என்பதால் அந்தக் கணக்கு இங்கே உதவாது. ஆகவே செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் ஈரத்தையும் இடுக்கையும் ஒழிப்பதே முதல் வேலை, கொல்வது அதற்குப் பிறகு. கொன்றுதான் ஆகவேண்டும் என்றால், வீட்டுக்குள் வரும் நஞ்சு எது, அதைக் கொண்டுவருபவர் யார் என்று கேட்கும் உரிமையைச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. அந்த உரிமையை நாம் எடுத்துப் பயன்படுத்துவதே இல்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பகுதியில் நடந்தது சான்று. எலித்தொல்லை தாங்காமல் ஒரு குடும்பம் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனம் ஒன்றை அழைத்தது. ஊழியர்கள் மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு கதவை அடைத்து, ஏசி போட்டு உறங்கிய அந்தக் குடும்பத்தின் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நிறுவனத்தார் மீது வழக்குப் பதிவாகிக் கைதும் நடந்தது. அந்தப் பெற்றோர் தெரியாத மருந்தைத் தாங்களே வாங்கி வந்து வைத்தவர்கள் அல்லர். தெரிந்தவர் செய்யட்டும் என்று பணம் கொடுத்து ஆள் வைத்தவர்கள். பணம் கொடுத்துவிட்டாலே பாதுகாப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கையைத்தான் அந்தச் சம்பவம் உடைத்தது.

சாரல் ஊர்க்காரர்கள் இதைச் சென்னைச் செய்தி என்று ஒதுக்க முடியாது. நெல் மூட்டைக்கும் எலி வளைக்கும் வைக்கும் மாத்திரை ஒன்று உண்டு. அதன் பெயர் அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவை வெளியிடத் தொடங்கும்; ஈரம் கூடினால் வாயு வெளியேறும் வேகமும் கூடும். பாஸ்பீன் காற்றைவிடச் சற்றுக் கனமானது. சுவரின் விரிசல் வழியாகவும் கதவின் அடி வழியாகவும் பக்கத்து அறைக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. இத்தனை ஆபத்தானது என்பதால்தான் அதை அரசுத் துறைகளும் அரசு நிறுவனங்களும் அனுமதி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்களும் மட்டுமே வாங்கலாம் என்று கட்டுப்பாடு இருக்கிறது. மழைக்காலத்தில், பொதுச்சுவர் கொண்ட வரிசை வீடுகளில் ஒருவர் தன் அறையில் அந்த மாத்திரையை வைத்தால், அது அவர் வீட்டோடு முடிகிற காரியம் அல்ல.

அப்படியானால் எலியோடும் கொசுவோடும் குடித்தனம் நடத்தச் சொல்கிறீர்களா என்று யாரும் கேட்கலாம். இல்லை. எலியின் சிறுநீர் கலந்த நீர் காலிலுள்ள புண் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாகத் தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவித்ததும் அதன் கனத்தை உணர்ந்துதான். புதரிலும் புல்லிலும் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணி கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு தெரியும்; அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ இருந்தால் கண்ணில் படாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையே போதும். தோட்டம், காடு என்று போய்வருபவருக்குக் காய்ச்சல் வந்தால் அங்கே போய்வந்ததை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். டெங்குக் கொசு தேங்காய்ச் சிரட்டையிலும் கமுகம்பாளையிலும் மரப்பொந்திலும் தேங்கும் கையளவு நீரில் வளரும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். புகை மருந்து பறக்கும் கொசுவைக் கொல்லும், சிரட்டைக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. ஆபத்து எல்லாமே உண்மைதான். ஆனால் இவற்றில் ஒன்றுக்குக்கூட வீட்டுக்குள் நஞ்சு தெளிப்பது முதன்மை மருந்து அல்ல.

இந்த உயிர்கள் எல்லாமே தண்ணீரைப் பின்தொடர்ந்து வருபவை. கரப்பான் உணவில்லாமல் பல வாரம் தாங்கும். தண்ணீர் இல்லாவிட்டால் அதற்கு வெகு முன்பே செத்துப்போகும். கரையானின் உடல் மெல்லியது, எளிதில் வறண்டுவிடும். அதனால்தான் அது திறந்த சுவரில் நடக்காமல் மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள் ஏறுகிறது. சாரலையே நிறுத்த முடியாதபோது ஈரத்தை எப்படி ஒழிப்பது என்பது நியாயமான கேள்வி. ஊரைக் காயவைக்க முடியாது, வீட்டின் சில இடங்களைக் காயவைக்க முடியும்: தொட்டிக் கசிவு, குளியலறைக் குழாயின் மூட்டு, உடைந்த ஓடு, சுவரை ஒட்டி மண்ணில் கிடக்கும் விறகு. விறகைக் கல்லின்மேல் ஓர் அடி உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி அடுக்கினாலே கரையானுக்குப் பாதி வழி அடைபடும். கூரையில் உரசும் மாங்கிளையை வெட்டினால் எலியின் பாலம் போய்விடும். சுண்டெலிக்குப் பென்சில் தடிமன் இடுக்கு போதும் என்பதால் கழிவுநீர்த் துளைக்குக் கம்பிவலையும் கதவின் அடிக்குத் தகடும் வேண்டும். செலவு உண்டுதான், ஆனால் ஒருமுறைச் செலவு.

வாடகை வீட்டில் இருப்பவர் இதை எல்லாம் யார் செய்வது என்பார். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டமைப்புப் பழுதும் தண்ணீர்க் குழாய் மாற்றுவதும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு என்றும், அடைத்துக்கொண்ட சாக்கடையைச் சுத்தம் செய்வது போன்ற அன்றாட வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு என்றும் அதன் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. கசியும் கூரையும் ஊறிய சுவரும் பூச்சிக்கு வாசல் என்றால், அந்த வாசலை அடைக்கவேண்டியவர் உரிமையாளர். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, பழுதையும் எழுத்திலேயே தெரிவித்தால்தான் இந்த உரிமைக்கு உயிர் வரும். வாய்ப்பேச்சாக விட்டால், ஒவ்வொரு சாரலுக்கும் குடியிருப்பவர் தன் கைக்காசில் மருந்து வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கரையான் விஷயத்தில் மட்டும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அது கதவு நிலையிலும் உத்திரத்திலும் ஏறிவிட்டது என்றால், வெறும் காயவைத்தலால் தீராது, ரசாயனம் தேவைப்படும். அதற்கு இந்தியத் தரநிலை 6313 என்ற முறைநூல் இருக்கிறது. புது வீட்டுக்கு அடித்தளத்திலேயே செய்வதை அது தனியாகவும், கட்டிய வீட்டுக்குத் தரையில் துளையிட்டு மருந்து செலுத்துவதைத் தனியாகவும் சொல்கிறது. வீடு கட்டும்போது செய்வதுதான் மலிவும் நிலைப்பும். கிணறு உள்ள வீடுகளில் இன்னொரு கவனம் வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே நிற்கும். தரையில் செலுத்தும் மருந்து கிணற்றுக்குப் போகும் வாய்ப்பு உண்டு. ஆகவே எந்த மருந்து, எத்தனை லிட்டர், கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் கரையானுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்று தரையில் ஊற்றிய ஆல்ட்ரினும் குளோர்டேனும் பின்னாளில் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. இப்போது பரவலாக இருக்கும் குளோர்பைரிபாஸும் 2025இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில், சில விதிவிலக்குகளோடு, சேர்க்கப்பட்டது. இத்தனை வருஷமாக ஊற்றுகிறோமே, ஒன்றும் ஆகவில்லையே என்பவர்களுக்கு இந்த வரலாறே பதில். இந்த வகை நஞ்சின் கணக்கு மெதுவாகத்தான் வரும்.

மருந்தடிக்க வருபவரிடம் கேட்கவேண்டியவை இவைதான். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968, அதன் கீழ் வந்த 1971ஆம் ஆண்டு விதிகள் ஆகியவற்றின்படி, கூலிக்கு மருந்தடிக்கும் நிறுவனம் உரிமம் வைத்திருக்க வேண்டும். அதை வழங்குவது வேளாண்மைத் துறை. வேளாண்மையிலோ வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியலிலோ பட்டம் பெற்று, மைசூரு, ஹைதராபாத் போன்ற இடங்களில் உள்ள நிறுவனங்களில் குறைந்தது 15 நாள் பயிற்சிச் சான்று வாங்கிய ஒருவரும் அங்கே இருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லலாம். மருந்தின் பெயர், பதிவு எண், எத்தனை மணி நேரம் கழித்து வீட்டுக்குள் வரலாம் என்பவற்றை ரசீதில் எழுதித் தரச் சொல்லலாம். பெட்டியின் மேல் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதியில் சிவப்பு இருந்தால் மிகக் கடும் நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். சிவப்பு முத்திரை மருந்தை யாராவது சமையலறைக்கென்று கொண்டுவந்தால், அவரை வாசலோடு அனுப்பிவிடுவதே நல்லது. உரிமம் உள்ளவர் அதிகப் பணம் கேட்கிறார், மலையடிவாரத்துக்கு வரவும் மாட்டார் என்பது உண்மையான குறை. அதற்காக உரக்கடையில் தென்னைக்கோ நெல்லுக்கோ வாங்கிய புட்டியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே என்று வீட்டு மூலையில் அடிப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. பயிருக்குப் பதிவான மருந்து திறந்த வெளிக்குக் கணக்கிட்டது, நான்கு சுவருக்குள் அந்தக் கணக்கு செல்லாது. உரிமம் உள்ளவர் கிடைக்காத ஊரில் எலிக்கூண்டே நல்ல விடை. நஞ்சு வைத்தே ஆகவேண்டும் என்றால், வைட்டமின் கே என்ற முறிவு மருந்து உள்ள புரோமாடியோலோன் வகை எலிக்கட்டியைக் குழந்தைகளும் நாயும் எட்டாத பெட்டிக்குள் வைக்கலாம்.

நாங்கள் ரசாயனமே தொடுவதில்லை, அந்துருண்டைதான், கொசு ஊதுபத்திதான் என்பவர்களும் உண்டு. அந்துருண்டை நாப்தலின். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள கைக்குழந்தைக்கு அதன் வாடை பட்ட துணியே இரத்த அணுக்களைச் சிதைத்துவிடக் கூடும். பிள்ளைத் துணி உள்ள பெட்டியில் அது வேண்டாம். ஊதுபத்தியின் உறையில் பதிவு எண் இல்லையென்றால் அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சட்டப்படி அதை விற்கவும் கூடாது.

குற்றாலத்துக்கு வருபவர்களுக்கும் ஒரு சொல். சீசன் முடிந்ததும் பல மாதம் பூட்டிக் கிடக்கும் அறை, ஜூனில் திறக்கும்போது கரப்பானும் பூஞ்சையுமாக இருக்கும். வாடகைக்கு விடுமுன் அவசரமாக மருந்து அடிக்க உரிமையாளருக்கு ஆசை வருவது இயல்பு. அறைக்குள் கடுமையான மருந்து நெடி அடித்தால், என்ன அடித்தார்கள், எப்போது அடித்தார்கள் என்று கேட்டு, பதில் வராவிட்டால் வேறு அறை கேட்பது விருந்தினரின் உரிமை. பணம் கொடுத்துத் தங்குபவர் நுகர்வோர். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரசீது தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறைபாடான சேவைக்கு இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம், அதையும் தான் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே தரலாம். மதுரைக்காரர் இதற்காகத் தென்காசிக்கு அலைய வேண்டியதில்லை. வழக்குக்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். உரிமம் இல்லாத மருந்தடிப்பு பற்றியும், தடை செய்த பொருள் விற்பனை பற்றியும் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்துவிட்டது. ஆனாலும் பழைய டியூப் சில வீட்டுப் பரணில் இன்னும் இருக்கலாம். அதை விழுங்கியவர் முதல் ஓரிரு நாள் நன்றாகவே இருப்பதுபோலத் தெரிவார். வாந்தி நின்றுவிட்டது, பிழைத்துவிட்டார் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். கல்லீரல் செயலிழப்பது அதற்குப் பிறகுதான். குழந்தை வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தாலே, உடம்பில் அறிகுறி இல்லாவிட்டாலும், 108ஐ அழைத்துத் தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ பாளையங்கோட்டையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போக வேண்டும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. உப்புத் தண்ணீரும் பாலும் வேண்டாம். புகையோ வாயுவோ காரணம் என்றால் முதலில் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே விட்டுவந்த பொருளை எடுக்கத் திரும்பப் போகக் கூடாது. மருந்தின் பெட்டியோ, அதன் படமோ, மருந்தடித்தவர் தந்த ரசீதோ கையில் இருந்தால் மருத்துவருக்கு அதுவே பாதி வேலையை முடித்துவிடும். புதுடெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் அழைக்கும்போதும் அவர்கள் முதலில் கேட்பது நஞ்சின் பெயரைத்தான்.