கொழுப்பும் வர்க்கமும்: மாப்பொருள் குறைந்த உணவில் எண்ணெய்த் தெரிவு பற்றிச் சில குறிப்புகள்

நீரிழிவும் உடற்பருமனும் நம் நாட்டு மத்தியதர வகுப்பினரின் அன்றாடப் பேச்சுக்குரிய பொருள்களாகிவிட்ட நிலையில், சோற்றையும் பாணையும் சீனியையும் குறைத்து, அவற்றின் இடத்தைக் கொழுப்பாலும் புரதத்தாலும் நிரப்பும் உணவுமுறை பரவலான கவனத்தைப் பெற்றுள்ளது. காபோவைதரேற்றுக் குறைந்த உணவு என விஞ்ஞானிகள் குறிப்பிடும் இதனை, வசதி கருதி, மாப்பொருள் குறைந்த உணவு என நாம் வழங்குவோம். இம்முறையின் நன்மை தீமைகள் அனைத்தையும் ஆராய்வது எமது நோக்கமன்று. அதனுள் அடங்கிய ஒரு வினாவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: அத்தகைய உணவுக்கு எந்தக் கொழுப்பு, எந்த எண்ணெய் தக்கது? இலக்கிய ஆய்வாளருக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்கப்படலாம். 'நல்ல எண்ணெய்', 'கெட்ட எண்ணெய்' என்ற மதிப்பீடுகள் ஆய்வுகூடத்தில் மட்டும் பிறந்தவை அல்ல. பண்டச் சந்தையிலும் விளம்பரத்திலும் உருவாக்கப்பட்ட கருத்துநிலைகளும் அவற்றில் கலந்துள்ளன. கருத்துநிலையொன்றை அதன் பொருளியல் அடித்தளத்தோடு இணைத்து நோக்குவது எமது துறைக்குப் புறம்பானதன்று.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். எள்ளின் நெய்யே எண்ணெய். பின்னர் அச்சொல் பொதுப்பெயராகி, தேங்காய்க்கும் வேம்புக்கும் மண்ணுக்கும் உரியதாயிற்று. எள்ளெண்ணெய் தன் பெயரை இழந்து, 'நல்ல' என்ற அடையைப் பெற்று நல்லெண்ணெய் ஆயிற்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் செக்குகளின்மீது விதிக்கப்பட்ட செக்கிறை என்னும் வரி பேசப்படுகின்றது; கோயில் விளக்கொன்று அணையாது எரிவதற்கான நெய்யின் பொருட்டுச் 'சாவா மூவாப் பேராடு' என ஆட்டு மந்தைகள் நிவந்தமாக விடப்பட்டமையும் தெரிகின்றது. கொழுப்பு அரிதாகக் கிடைத்த, வரிக்கும் தானத்திற்கும் உரிய செல்வமாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. அதனைத் தானியத்துக்கு ஈடான பிரதான உணவாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் கைத்தொழில் யுகத்துக்கு உரியதாகும்.

மாப்பொருளைக் குறைக்கும் உணவுமுறை பற்றிப் பரவலாக வாசிக்கப்பட்ட முதற் பிரசுரம் 1863இல் இலண்டனில் வெளிவந்தது. உயர்குடியினரின் சவ அடக்க ஏற்பாடுகளைச் செய்துவந்த வில்லியம் பான்ரிங் என்பவர், வில்லியம் ஹார்வி என்ற வைத்தியரின் ஆலோசனைப்படி பாண், சீனி, பியர், உருளைக்கிழங்கு முதலியவற்றைக் கைவிட்டுத் தாம் மெலிந்த விதத்தைச் சிறு நூலாக எழுதினார். அவர் விலக்கியவற்றுள் வெண்ணெயும் ஒன்று என்பதை, இன்று கோப்பியில் வெண்ணெய் கலந்து பருகுவோர் அறிந்திருப்பதாகத் தோன்றவில்லை. பான்ரிங் உண்டது இறைச்சியும் மீனும், பருகியது வைன்.

அதே நகரில், அதே ஆண்டுகளில் நிகழ்ந்த இன்னொன்றை இதனருகில் வைத்து நோக்குவது பயனுடையது. வெதுப்பகத் தொழிலாளரின் குறைகளை விசாரித்த ஆணையாளர் திரெமென்ஹியரின் அறிக்கை, தொழிலாளர் உண்ணும் பாணில் படிகாரமும் பிறவும் கலக்கப்பட்டமையை வெளிப்படுத்தியது. 1863இல் வைத்தியர் எட்வர்ட் சிமித், மிக வறிய தொழிலாளரின் உணவு பற்றி அரச விசாரணையொன்றை மேற்கொண்டார். இவ்விரண்டையும் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாந் தொகுதியில் விரிவாகப் பயன்படுத்தியுள்ளார். ஒருவர் பாணைத் துறப்பதற்கு வைத்தியருக்குப் பணம் செலுத்தினார். அவர் வீட்டுத் தெருவுக்கு அப்பால் வாழ்ந்தோர் கலப்படப் பாணைக்கொண்டே உயிர் தாங்கினர். மாப்பொருள் குறைந்த உணவு தோன்றும்போதே வர்க்க முத்திரையுடன் தோன்றியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, கொழுப்பு எவ்வாறு கைத்தொழிற் பண்டமாயிற்று என்பதை நோக்குவோம். வெண்ணெய்க்கு மாற்றாக மலிவான கொழுப்பொன்றைக் கண்டறிபவருக்கு மூன்றாம் நெப்போலியன் பரிசு அறிவித்தான். கடற்படையினருக்கும் வறியோருக்கும் உணவளிப்பதே நோக்கம். 1869இல் மெஜ்-மூரியே மாட்டுக் கொழுப்பிலிருந்து மாஜரீனை உருவாக்கினார். மாட்டுக் கொழுப்புப் போதாமற் போகவே, தாவர எண்ணெய்களைத் திண்மமாக்கும் வழி தேடப்பட்டது. 1902இல் ஜேர்மனியரான வில்ஹெல்ம் நோமன், திரவ எண்ணெயில் ஐதரசனைச் செலுத்தி அதனைத் திண்மமாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1911இல் ஐக்கிய அமெரிக்காவின் புறொக்டர் அன்ட் காம்பிள் கம்பனி, பருத்திக்கொட்டை எண்ணெயை இவ்வாறு இறுகச் செய்து கிறிஸ்கோ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. பருத்திக்கொட்டை பஞ்சுத் தொழிலின் கழிவு. கழிவை உணவாக்கி விற்றதில் மூலதனத்தின் சாதுரியம் தெரிகின்றது. அதே 1911இல் லீவர் நிறுவனம் பெல்ஜியக் கொங்கோவில் பாம் எண்ணெய்க்கென மிகப் பெரிய நிலச் சலுகையைப் பெற்றது. அங்கே பழம் பறிக்கக் கட்டாய உழைப்புப் பயன்படுத்தப்பட்டமை வரலாற்றாசிரியர் நன்கு அறிந்த செய்தி.

ஐதரசனேற்றத்தின் இரசாயனத்தைச் சுருக்கமாகக் கூறுவது அவசியம். கொழுப்பமிலத்தின் காபன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாவிடின் அது நிரம்பியது. ஒன்று இருப்பின் ஒற்றை நிரம்பாதது. பல இருப்பின் பல்நிரம்பாதது. இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் சங்கிலி வளைந்து நிற்பதால் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கப்படுவதில்லை. எனவே எண்ணெய் திரவமாக இருக்கின்றது. ஐதரசனை அரைகுறையாக ஏற்றும்போது, எஞ்சிய இரட்டைப் பிணைப்புகளுட் சில வளைவு நீங்கி நேராகின்றன. இவையே ட்ரான்ஸ் கொழுப்புகள். கெட்டுப்போகாமல் நீண்ட நாள் இருப்பதும் மலிவும் இவற்றின் 'சிறப்பு'. அச்சிறப்பு விற்பவனுக்கு உரியது.

இவற்றின் தீங்கு வெளிப்படுவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சென்றன. இடைக்காலத்தில் விவாதம் வேறு திசையில் நடந்தது. 1958இல் அன்செல் கீஸ் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு, நிரம்பிய கொழுப்புக்கும் இருதய நோய்க்கும் இடையிலான தொடர்பை முன்வைத்தது. 1967இல் அமெரிக்க வைத்திய சஞ்சிகையொன்றில் வெளிவந்து, கொழுப்பைக் குற்றவாளியாக்கிச் சீனியைத் தப்பவிட்ட ஆய்வுத் தொகுப்பொன்றுக்குச் சீனிக் கைத்தொழிலினரின் அமைப்பே பணம் வழங்கியிருந்தது என்பது 2016இல் அம்பலமாயிற்று. 1972இல் அற்கின்ஸ் என்ற வைத்தியரின் நூல் மாப்பொருள் குறைந்த உணவை மீண்டும் சந்தைக்குக் கொணர்ந்தது. 1980களின் பிற்பகுதி எமது நாட்டை நேரடியாகத் தொடுகின்றது. அமெரிக்க சோயாச் செய்கையாளர் சங்கம் 'வெப்பமண்டல எண்ணெய்'களுக்கு எதிராகப் பிரசாரம் நடத்தியது. 1988இல் பிலிப் சொக்கலோஃப் என்ற செல்வந்தர், தேங்காயெண்ணெயும் பாம் எண்ணெயும் அமெரிக்கரை நஞ்சூட்டுவதாக முழுப்பக்க விளம்பரங்களை வெளியிட்டார். பிஸ்கற்றுக் கம்பனிகள் பணிந்தன. தேங்காயெண்ணெய் இருந்த இடத்துக்கு வந்தது எது? பெரும்பாலும் ஐதரசனேற்றிய சோயா எண்ணெயே. இரண்டே ஆண்டுகளில், 1990இல், நெதர்லாந்தின் மென்சிங்க், கற்றான் ஆகியோர் ட்ரான்ஸ் கொழுப்பு தீய கொலஸ்திரோலை உயர்த்துவதோடு நல்ல கொலஸ்திரோலைக் குறைக்கவும் செய்கின்றது என்று காட்டினர். 2003இல் டென்மார்க் அதனைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. 2015இல் ஐக்கிய அமெரிக்கா பகுதி ஐதரசனேற்றிய எண்ணெய்கள் உணவுக்குப் பாதுகாப்பானவை என்ற அங்கீகாரத்தை நீக்கியது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் உலகெங்கும் அதனை ஒழிக்குமாறு அழைப்பு விடுத்தது.

இவ்விடத்தில் முற்போக்கு வாசகர் எளிதில் விழக்கூடிய குழியொன்று உண்டு. ஏகாதிபத்தியச் சந்தை தேங்காயெண்ணெயைப் பழித்தது. ஆகவே அது அமிர்தம் என்பது அவ்வாதம். எமது சூழலில் இக்கருத்து தேசாபிமான உணர்வோடும், இன்று தேங்காயெண்ணெயைப் புட்டியிலடைத்து 'அற்புத உணவு' என உயர்ந்த விலைக்கு விற்கும் புதிய வணிகத்தோடும் கைகோத்து நிற்கின்றது. சோயா வியாபாரி பொய்யுரைத்தமை தென்னந்தோட்ட முதலாளியை உண்மையுரைப்பவனாக்காது. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களுள் நூற்றுக்குத் தொண்ணூறளவு நிரம்பியவை. ஏறத்தாழ அரைவாசி லோரிக் அமிலம். வெப்பமண்டலம் சாராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிடுகையில் அது தீய கொலஸ்திரோலைக் கூட்டுகின்றது என்பதை, பல பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து நோக்கிய 2020ஆம் ஆண்டு ஆய்வு உறுதிப்படுத்தியது. நல்ல கொலஸ்திரோலும் சற்று உயர்கின்றது என்பது மெய்யே. ஆயினும் அதனால் நோய் குறைகின்றது என்று நிறுவப்படவில்லை.

தேங்காயை உண்டு நலமாக வாழ்ந்த மக்கள் இல்லையா? இருந்தனர். பசுபிக் தீவுகளான தொக்கெலாவு, புக்காப்புக்கா பற்றிய 1981ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றது. தொக்கெலாவு மக்கள் தமது சக்தியில் 63 வீதத்தைத் தேங்காயிலிருந்து பெற்றனர். இருதய நோய் அங்கு அரிதாகவே இருந்தது. எனினும் அவர்களது கொலஸ்திரோல், 34 வீதத்தையே தேங்காயிலிருந்து பெற்ற புக்காப்புக்கா மக்களினதிலும் கூடுதலாக இருந்தமையையும் அதே ஆய்வு கூறுகின்றது. மேலும் அவர்கள் உண்டது தேங்காயை. புட்டியிலடைத்த எண்ணெயை அன்று. நாரும் மீனும் உடலுழைப்பும் அதனோடு இருந்தன. சீனி குறைவாக இருந்தது. உணவொன்றை அதன் உற்பத்தி வாழ்விலிருந்து பிரித்தெடுத்துச் சான்று காட்டுவது இயக்கவியல் நோக்காகாது.

மாப்பொருளைக் குறைப்பவருக்கு இவ்வினா ஏன் மும்மடங்கு கூர்மையடைகின்றது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். நாளொன்றுக்கு 2000 கலோரி பெறும் ஒருவர், சோறுண்ணும் வழமையில் அதில் ஐந்திலொரு பங்கைக் கொழுப்பிலிருந்து பெறுகின்றார் எனக் கொள்வோம். அது 400 கலோரி. கிராமுக்கு 9 கலோரி வீதம் ஏறத்தாழ 44 கிராம். அவரே மாப்பொருளை 130 கிராமுக்குக் குறைத்து, புரதத்தை 100 கிராமுக்கு உயர்த்தினால், அவ்விரண்டும் முறையே 520, 400 கலோரிகளைத் தரும். எஞ்சிய 1080 கலோரியைக் கொழுப்பே தரவேண்டும். அது 120 கிராம். நிரம்பிய கொழுப்பு மொத்தச் சக்தியில் பத்திலொன்றுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டல்; எமது உதாரணத்தில் அது 22 கிராம். 120 கிராமும் தேங்காயெண்ணெயாக இருப்பின் 108 கிராம் நிரம்பிய கொழுப்பு உடலிற் சேரும். நல்லெண்ணெயாக இருப்பின் ஏறத்தாழ 17 கிராம். எவரும் ஒரே எண்ணெயை இவ்வாறு உண்பதில்லை என்பது உண்மையே. ஆனால் சோற்றோடு ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் சேர்ப்பவருக்குப் பொருந்தும் அளவுகோல், சோற்றையே நீக்கியவருக்குப் பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும். முன்னவருக்கு எண்ணெய் துணை. பின்னவருக்கு அதுவே அன்னம்.

2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றும் இதனையே சுட்டுகின்றது. தாதியரையும் சுகாதாரத் துறையின் ஆண்களையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பின்தொடர்ந்த அவ்வாய்வில், மாப்பொருளைக் குறைத்து விலங்குணவால் நிரப்பியோரிடையே மரணம் கூடியும், தாவர உணவால் நிரப்பியோரிடையே குறைந்தும் காணப்பட்டது. அவதானிப்பு ஆய்வு காரணத்தை நிறுவாது என்ற எச்சரிக்கையோடுதான் இதனைக் கொள்ளவேண்டும். ஸ்பெயினில் நடைபெற்று 2013இல் வெளியாகி, முறையியற் குறைகள் திருத்தப்பட்டு 2018இல் மீண்டும் வெளியிடப்பட்ட பரிசோதனை, ஒலிவ் எண்ணெயும் பருப்பு விதைகளும் மிகுந்த உணவு இருதய நோயைக் குறைத்ததாகக் கண்டது.

ஒலிவ் எண்ணெய் எம்மவருட் பெரும்பாலோருக்கு எட்டாதது. அதற்காக ஏங்கவும் வேண்டியதில்லை. எமது சமையலறையில் அதற்கு மிக அண்மையில் நிற்பது நல்லெண்ணெய். நிரம்பிய கொழுப்பு ஏழிலொரு பங்கே. எஞ்சியது ஒற்றை நிரம்பாததும் பல்நிரம்பாததும் ஏறத்தாழச் சமமாக. எள்ளில் இயற்கையாகவுள்ள சில பொருட்கள் அது எளிதிற் கெடாது காக்கின்றன. யாழ்ப்பாணத்தில் பருவமடைந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கும் வழக்கம், அதனை மருந்தாக மதித்த மரபின் எச்சம். கச்சானும் அவகாடோப் பழமும் இவ்வரிசையில் அடங்கும். சாளை, சூடை, நெத்தலி போன்ற சிறுமீன்கள் ஒமேகா-3 கொழுப்பைத் தருவன. 'மலிந்த மீன்' என இவற்றை ஒதுக்கும் மனப்பாங்கு வர்க்கக் கூச்சமேயன்றி வேறன்று. தேங்காய்ப் பாலையும் சம்பலையும் அடியோடு விலக்க வேண்டியதில்லை, அளவு சுருங்கவேண்டும். பாம் எண்ணெயில் ஏறத்தாழ அரைவாசி நிரம்பியது. பகுதி ஐதரசனேற்றியது என்ற குறிப்புள்ள பண்டம் எதனையும் தவிர்ப்பதே தகும். தேநீர்க்கடையில் திரும்பத் திரும்பக் கொதித்துக் கறுத்த எண்ணெய், எந்த வித்திலிருந்து பிழியப்பட்டதாயினும் உணவன்று. இன்சுலின் ஏற்றுபவரும், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை உட்கொள்பவரும் வைத்தியரைக் கேளாது மாப்பொருளைக் குறைப்பின், குருதியிற் சீனி திடீரெனத் தாழ்ந்து ஆபத்து நேரலாம்.

இனி விலை. ஒரு கலோரிக்கு மிக மலிவான உணவு எமது நாட்டில் அரிசியும் கோதுமை மாவுமே. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஹர்த்தால் வெடித்தது. சோறு உழைப்பாளரின் கூலியோடு பிணைந்த அரசியற் பொருள் என்பதை அந்நிகழ்வு நிறுவியது. மலையகத் தொழிலாளியின் காலை ரொட்டியும் அவ்வாறே. 2025இன் தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தாண்டியபோது, அந்த ரொட்டியோடு சேரும் சம்பலே சுருங்கிற்று. அவருக்கும் நீரிழிவு வருகின்றது. 'சோற்றைக் குறையுங்கள், மாவைக் குறையுங்கள்' என்று சிகிச்சை நிலையத்தில் அவரிடம் கூறப்படுகின்றது. குறைத்த இடத்தில் நாளொன்றுக்கு 120 கிராம் கொழுப்பையும் 100 கிராம் புரதத்தையும் எந்தச் சம்பளத்தில் வைப்பது என்பதை எவரும் கூறுவதில்லை. அவருக்கு இயலக்கூடியது இடைவழியொன்றே: தேநீரின் சீனியை நீக்குதல், ரொட்டியில் ஒன்றைக் குறைத்துப் பருப்பையும் கீரையையும் கூட்டுதல், கிடைக்கும்போது ஒரு பிடி கச்சான், வாரத்தில் இருமுறை நெத்தலி. இவற்றுட் கச்சானுக்கும் நெத்தலிக்கும் ஆகும் செலவைக்கூட அன்றாடக் கூலி தாங்குமா என்ற கணக்கு, உணவு ஆலோசனைத் துண்டுப்பிரசுரத்தின் முதற் பக்கத்தில் இடம்பெறவேண்டியது.