இரண்டு இரண்டாய், பத்துப் பத்தாய்

இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்று இடையில் உள்ள எண்களை விட்டுவிட்டுச் சொல்வது தாவி எண்ணுதல். வாய்ப்பாட்டுக்கும் பெருக்கலுக்கும் இதுவே வாசற்படி. யு.கே.ஜி. குழந்தையை ராகம் போட்டு இதைச் சொல்ல வைப்பது பெரிய காரியம் அல்ல. ஆனால் எட்டுப் புளியங்கொட்டையைத் தரையில் பரப்பி, "இரண்டு இரண்டாக எண்ணு" என்றால், அதே குழந்தை ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டு இரண்டு, நான்கு, ஆறு என்று போய்ப் பதினாறில் நிற்கக்கூடும். வாய் தாவிவிட்டது, விரல் தாவவில்லை.

இது கவனக்குறைவு அல்ல. அமெரிக்க உளவியலாளர்கள் ரோசெல் கெல்மன், சி.ஆர். காலிஸ்டல் இருவரும் 1978-இல் வெளியிட்ட நூலில் எண்ணுதலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார்கள். முதல் விதி, ஒரு பொருளுக்கு ஓர் எண். குழந்தை கஷ்டப்பட்டுக் கற்ற அந்த விதியைத்தான் தாவி எண்ணும்போது தளர்த்த வேண்டியிருக்கிறது. இனி ஒரு கூட்டத்துக்கு ஓர் எண். ஆகவே கூட்டத்தை ஒன்றாகப் பார்க்கக் கண் பழகுவதுதான் முதல் பாடம்.

இதற்குப் பல்லாங்குழி அருமையான கருவி. குழியில் நான்கு கொட்டை சேர்ந்தால் அது 'பசு'. குழிக்கு உரியவர் அள்ளிக்கொள்வார். பசுவை ஒன்று, இரண்டு என்று யாரும் எண்ணுவதில்லை; பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆட்டம் தொடங்குமுன் குழிக்கு ஐந்தாக நிரப்பும்போது ஐந்து, பத்து, பதினைந்து என்று சொல்லிக்கொண்டே போனால், பதினான்காவது குழியில் 70 வந்து நிற்கும். ஐந்தின் தாவலை இதைவிடத் தெளிவாகக் கண்ணெதிரே காட்ட முடியாது.

வகுப்பில் எதை முதலில் தொடங்குவது? பத்தை எடுத்துக்கொள்வது நல்லது. அமெரிக்கப் பொதுப் பாடத் தரமும் மழலையர் வகுப்பில் ஒன்றொன்றாகவும் பத்துப் பத்தாகவும் 100 வரை எண்ணினால் போதும் என்கிறது. ஐந்தைந்தாக எண்ணுவதை 2-ஆம் வகுப்பில்தான் வைத்திருக்கிறது. தமிழும் இங்கே கைகொடுக்கிறது. இருபது முதல் எண்பது வரை சொல்லின் முடிவிலேயே 'பது' ஒலிக்கிறது. தொண்ணூறில்தான் தடம் மாறுகிறது. அதற்குள்ளேயே 'நூறு' ஒலிப்பதால் எண்பது, தொண்ணூறு, நூறு மூன்றையும் பத்துக் குச்சிக் கட்டுகளை அடுக்கித் தனியே பழக்க வேண்டும்.

இரண்டின் தாவலுக்கு முணுமுணுப்பு முறை உண்டு. ஒன்றை மெதுவாக, இரண்டைச் சத்தமாக, மூன்றை மெதுவாக, நான்கைச் சத்தமாகச் சொல்வது. விடுபட்ட எண் காணாமல் போகவில்லை என்பது குழந்தைக்குப் புரியும். சென்னை கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்தில் படியேறும்போது படிக்கு ஓர் எண்ணாக இதையே செய்யலாம்.

தமிழ்நாட்டில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019-இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. 1 முதல் 3-ஆம் வகுப்பு வரைக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் வந்தது. பாட்டும் விளையாட்டும் கைவேலையுமாகக் கணக்கு சொல்லித்தரும் அந்த வழி, அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் அவசியம்.

விருந்தாளி முன்னால் பிள்ளையை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லும் பெற்றோர், ஒரு நாள் பத்துப் புளியங்கொட்டையைக் கொடுத்து இரண்டு இரண்டாக நகர்த்தச் சொல்லிப் பார்க்கட்டும்.