குழாயை மூடியும் அணையாத வாயுக் கீசர்

புனே நகரை அடுத்த வாகட், முளா ஆற்றங்கரையில் அமைந்த ஒரு கிராமமாக இருந்தது. 1997-ஆம் ஆண்டில் அது பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. பக்கத்து ஹிஞ்சவடியில் கணினித் தொழிற்கூடங்கள் பெருகவே, வயல்கள் இருந்த இடங்களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. மார்கழி, தை மாதங்களில் அங்கு விடியற்காலையின் உஷ்ணநிலை 10 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி இறங்குவதுண்டு. ஆதலால் வெந்நீர் இன்றியமையாதது. அதற்காகச் சமையல் வாயுவில் இயங்கும் கீசரை உபயோகிக்கும் குடும்பங்கள் பல.

இச்சாதனத்தில் சில வேளைகளில் ஒரு கோளாறு தோன்றுகிறது. வெந்நீர்க் குழாயை மூடிவிட்ட பின்னும் சுடர் அணையாமல் எரிகிறது. வாயு வீணாகிறதே என்று மட்டும் இதைக் கருதலாகாது. இது உயிருக்கே அபாயம் விளைவிக்கக்கூடிய கோளாறாகும்.

முதலில் செய்ய வேண்டுவது

சுடர் அணையாதிருப்பதைக் கண்டவுடன், சிலிண்டரின் ரெகுலேட்டரை, அல்லது குழாய்வழி வாயு வரும் வீடாயின் கீசருக்குரிய வாயு அடைப்பானை, மூட வேண்டும். காரணத்தை ஆராய்வதெல்லாம் பிறகுதான். சூடு தணியும்வரை வெந்நீர்க் குழாயைத் திறக்கலாகாது. உள்ளே நீர் கொதித்திருப்பின் நீராவி பீறிட்டு உடலை வேகச் செய்யும்.

இவ்வளவு விரைவு ஏன் என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். நிமிஷத்திற்கு 6 லிட்டர் நீரை 25 டிகிரி சூடேற்றும் கீசர், நிமிஷத்திற்கு 150 கிலோகலோரி வெப்பத்தை நீருக்கு ஊட்டுகிறது. அதன் தாமிரக் குழாய்ச் சுருளுள் அரை லிட்டர் நீர் தேங்கி நிற்பதாகக் கொள்வோம். 50 டிகிரியில் உள்ள அந்நீரைக் கொதிநிலைக்கு உயர்த்த 25 கிலோகலோரி போதும். அதாவது, ஓட்டம் நின்ற பத்தே விநாடிகளில் நீர் கொதிக்கத் தொடங்கும்.

சாதனம் இயங்கும் முறை

1868-ஆம் ஆண்டில் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் வாயுவால் நீரைச் சூடாக்கும் சாதனத்தை அமைத்து, ஐஸ்லாந்து நாட்டு வெந்நீர் ஊற்றின் பெயரால் அதனைக் கீசர் என்றழைத்தார். இன்றைய கீசரில், நீர் ஓடினாலன்றி வாயு திறவாதபடி ஓர் அமைப்பு உண்டு. நமது ஆராய்ச்சிக்கு மூலம் அதுவே.

தண்ணீர் நுழையும் பகுதியில் ஒரு ரப்பர் சவ்வு இரு அறைகளைப் பிரித்து நிற்கிறது. நீர் ஓடும் வழியில் ஓரிடம் குறுகலாக ஆக்கப்பட்டுள்ளது. குறுகிய வழியில் நீரின் வேகம் கூடும். வேகம் கூடினால் அங்கு அழுத்தம் குறையும். இத்தாலிய அறிஞர் வெஞ்சுரி ஆராய்ந்த விளைவு இது. குறைந்த அந்த அழுத்தம் ஒரு நுண்ணிய துளை வழியே சவ்வின் ஒரு பக்கத்தை அடைகிறது. மறுபக்கத்தில் அழுத்தம் மிகுந்திருப்பதால் சவ்வு நகர்ந்து ஒரு தள்ளுகோலை உந்துகிறது. அக்கோல் வாயு வால்வைத் திறக்கிறது. ஒரு சிறு மின்விசையையும் இயக்குகிறது. உடனே மின்கலங்களின் சக்தியால் "டிக், டிக்" என்ற ஒலியுடன் பொறி தோன்ற, மின்காந்த வால்வும் திறந்து சுடர் பற்றுகிறது. குழாயை மூடினால் இரு பக்கத்து அழுத்தமும் சமமாகும், சுருள்வில் கோலைத் திருப்பித் தள்ளும், சுடர் அணையும்.

வாயுவுக்குப் பூட்டுகள் இரண்டு இருப்பினும் அவ்விரண்டையும் ஆள்வது ஒரே கோல் என்பதை இங்கு கவனிக்க வேண்டும். அக்கோல் சிக்கிக்கொண்டால் இரு பூட்டுகளும் ஒருங்கே திறந்து நிற்கும்.

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை வகுப்பில் எளிதில் விளக்கலாம். இரண்டு காகிதத் தாள்களைச் சிறிது இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு நடுவே ஊதினால், அவை விலகாமல் ஒன்றையொன்று நெருங்குவதை மாணவர் காண்பர்.

கோளாறு எங்கே?

வாயுவை மூடிச் சாதனம் ஆறிய பின், வாயு வாசனை சிறிதும் இல்லையென உறுதி செய்துகொண்டு, பொறியின் ஒலியைக் கொண்டே சோதிக்கலாம். வெந்நீர்க் குழாயைத் திறந்து, ஒலி கேட்டதும் மூடுக. ஒலி அக்கணமே நிற்பின் கோலும் மின்விசையும் அப்போது சரியாக இயங்குகின்றன. ஆயினும் வாயு வால்வு இறுக மூடாதிருக்கக்கூடும். ஆகவே சாதனத்தைப் பழுதற்றதெனக் கொள்ளலாகாது.

ஒலி நிற்காவிடில், கீசருக்குத் தண்ணீர் வரும் அடைப்பானை மூடுக. அப்போது ஒலி நின்றால், நீர் வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்பது பொருள். மூடாத வேறொரு குழாயோ, தேய்ந்த வாஷரோ, வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் குழாயோ காரணமாகலாம். அடைப்பானை மூடியும் ஒலி தொடர்ந்தால் குற்றம் சாதனத்தினுள்ளேயே உள்ளது: கோல் சிக்கியிருக்கும், வில் தளர்ந்திருக்கும், அல்லது மின்விசை ஒட்டிக்கொண்டிருக்கும். பல சாதனங்களில் பொறி சில விநாடிகளில் தானே நின்றுவிடும் ஆதலால், சோதனையை விரைந்து செய்து, ஐயமிருப்பின் திரும்பவும் செய்க.

சுடர் சற்றே தாமதித்து அணைவது பிறிதொரு குறி. மேற்கூறிய நுண்துளையில் துருவோ மணலோ அடைத்தால், அழுத்தம் சமமாவதற்கு நேரம் பிடிக்கும்.

உப்பு நீரின் பங்கு

வாகட் பகுதியின் அடுக்குமாடிகள் பலவற்றில் மாநகராட்சி நீருடன் ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீரும் கலந்து வழங்கப்படுகின்றன. தக்காணத்துக் கரும்பாறை நிலத்தடி நீரில் கால்சியம், மக்னீஷியம் பைகார்பனேட்டுகள் கரைந்திருக்கும். தள்ளுகோல் வெளிவரும் இடத்திலுள்ள ரப்பர் வளையம் தேய்ந்தால் அங்கு நீர் கசியும். கசிந்த நீர் உலர, வெண்ணிற உப்பு படிந்து கோலை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கீசரின் அடியில் வெண்படிவமோ நீர்க்கசிவோ கண்டால் அதை முன்னறிவிப்பாகக் கொண்டு வளையத்தை மாற்றச் செய்வது நன்று.

நீர் நுழையும் இடத்திலுள்ள வலைச் சல்லடையைத் தண்ணீரை மூடிவிட்டு வீட்டாரே கழற்றிச் சுத்தம் செய்யலாம். சவ்வு, வில், வால்வு ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற பணியாளரே கையாள வேண்டும். தட்டிப் பார்த்துச் சுடரை அணைப்பதும், அணைந்ததும் மீண்டும் உபயோகிப்பதும் தவறு. சிக்கிய கோல் மறுபடியும் சிக்கும். பழுது பார்த்த பின் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவைச் சோதிக்க வேண்டுமேயன்றி, தீக்குச்சியால் சோதித்தல் கூடாது.

கண்ணுக்குப் புலனாகாத அபாயம்

மேற்கூறிய கீசர் மணிக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் வாயுவை எரிக்கிறது. அதற்குச் சுமார் 12 கன மீட்டர் காற்று தேவை. சிறிய குளியலறையிலுள்ள காற்றோ 7 அல்லது 8 கன மீட்டர்தான். மூடிய அறையில் சுடர் எரிய எரியப் பிராணவாயு குறைந்து, கார்பன் மானாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. இது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. எரியாத சமையல் வாயுவில் வாசனை சேர்க்கப்பட்டிருப்பதால் மூக்கு எச்சரிக்கும். கார்பன் மானாக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி தோன்றினால் உடனே திறந்த வெளிக்கு வந்து மருத்துவ உதவி பெற வேண்டும்.

எனவே கீசரின் இடம் குளியலறை அன்று, காற்றோட்டமுள்ள பால்கனியே. வெந்நீர் மட்டும் குழாய் வழியே உள்ளே வரட்டும். குளித்து முடித்தபின் ஒவ்வொரு நாளும் ரெகுலேட்டரை மூடும் பழக்கம், தள்ளுகோல் தவறிய நாளிலும் குடும்பத்தைக் காக்கும். களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் வீடுதோறும் இவ்விரண்டையேனும் வலியுறுத்துவார்களாயின், வருந்தத்தக்க விபத்துகள் பலவற்றைத் தவிர்க்கலாம்.